கற்பனை மொழிக்கு எண்ணடி: எட்டா, பன்னிரண்டா?

கொட்டியாரக்கரை

கதை ஒன்றுக்காக மொழி ஒன்று ஆக்குகிறேன். பேசுபவர்கள் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவைச் சுற்றி, மகாவலி கடலில் விழும் இடத்திலிருந்து நிலாவெளிப் பக்கம் வரை வாழும் கற்பனைக் குடிகள். தொழில் மீன்பிடி, உப்பு, கொஞ்சம் நெல். எழுத்து இன்னும் இல்லை. பிடித்த மீனில் பாதி வலைக்குச் சொந்தக்காரருக்கு. மிச்சப் பாதி மூன்று சம பங்காகி வள்ளத்தில் போனவர்களுக்கு.

எண்ணடி, அதாவது எத்தனை எத்தனையாகக் கட்டி எண்ணுவது என்பதில், பத்து வேண்டாம் என்பது மட்டும் முடிவு. எட்டு எடுத்தால் பாதி பாதியாகப் பிரிக்கலாம். பன்னிரண்டு எடுத்தால் மூன்றாலும் பிரியும், ஆனால் சொல் அதிகம் வேண்டும். இதுவரை வைத்திருப்பவை:

1 தே, 2 லூ, 3 மிர், 4 கோ, 5 சப், 6 வன், 12 ஆரு, 144 ஓலம். 7 முதல் 11 வரை இன்னும் இல்லை. 14 லூவாரு (இரண்டும் பன்னிரண்டும்), 24 லூ ஆரு (இரண்டு பன்னிரண்டு).

எந்த அடி பொருந்தும்? எத்தனை வேர்ச்சொல் போதும்? தமிழில் வாசிப்பவருக்கு இது விளங்குமா?

விரற்கணு

தம்பி, அடியைத் தேர்வதற்கு முன் இந்த மக்கள் எதைத் தொட்டு எண்ணுகிறார்கள் என்பதை முடிவெடுங்கள். அது தெரிந்தால் அடி தானாக விழும், சொற்களின் பிறப்பும் கூடவே கிடைக்கும்.

எட்டு இயல்பாக வருவது விரல்களை விட்டு விரலிடுக்குகளை எண்ணும் இடத்தில்தான். கலிபோர்னியாவின் யூக்கி மக்கள் இடுக்குகளில் குச்சி செருகி எண்ணினார்கள்: கைக்கு நாலு, இரண்டு கைக்கு எட்டு. உங்கள் ஆட்கள் மீனை வாலில் பிடித்து இடுக்கில் செருகித் தூக்குபவர்கள் என்றால் எட்டு சரி. வெறுமனே பாதி பாதியாகப் பிரிக்க வசதி என்பதற்காக எட்டை எடுத்தால், ஐந்து விரல் உள்ள மனிதர் ஏன் எட்டில் நின்றார் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

பன்னிரண்டுக்குக் கணு. பெருவிரலால் அதே கையின் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொடுங்கள். சுண்டுவிரல் அடியில் தொடங்கி நுனிக்கு ஏற 1, 2, 3. மோதிரவிரல் 4, 5, 6. நடுவிரல் 7, 8, 9. சுட்டுவிரல் 10, 11, 12. பன்னிரண்டு ஆனதும் மற்றக் கையில் ஒரு விரலை மடக்குங்கள். ஐந்து விரலும் மடங்கினால் 60. மடக்காமல் மற்றக் கையிலும் கணுவே தொட்டுப் போனால் 144 வரை இரண்டு கையாலும் எண்ணலாம், உங்கள் ஓலம் அங்கே நிற்கும். இரண்டில் எது என்பதை இப்போதே முடிவெடுங்கள். விரலை மடக்குபவர்களுடைய மொழியில் 60க்குத் தனிச்சொல் வந்தே தீரும். கணு தொடுபவர்களுக்கு அது தேவைப்படாது.

இந்த முறையில் ஒவ்வொரு விரல் நுனியும் ஒரு நிறுத்தம்: 3, 6, 9, 12. ஆகவே இடையில் வரும் துணைப்படி ஆறு மட்டும் இல்லை, மூன்றும் ஒன்பதும் உண்டு. அந்த நாலு எண்களுக்கும் விரல்களின் பெயரிலிருந்து வேர் எடுங்கள். உடல் உறுப்பின் பெயரே எண்ணாவது உலகில் உண்மையாக நடப்பது. பப்புவா நியூகினியின் ஒக்சாப்மின் மக்கள் ஒரு கைப் பெருவிரலில் தொடங்கித் தோள் வழியாக ஏறி, மூக்கில் 14, மறுகைச் சுண்டுவிரலில் 27 என்று முடிக்கிறார்கள்.

நம் பக்கத்துத் தீவிலும் பன்னிரண்டு இருந்திருக்கிறது. மாலைதீவு மொழியில் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணும் பழைய முறை ஒன்று உண்டு, 60க்கு ‘ஐந்து பன்னிரண்டு’ என்ற சொல். பிறகு பத்து வந்து மூடிவிட்டது. கடல் வாணிபக் கரையில் அடி மாறுவது இப்படித்தான், கதைக்கு நல்ல பொருள்.

வாய்பாடு

கணக்குப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

அடி பெரிதாக ஆக, மனனம் செய்யும் பெருக்கல் வாய்பாடும் வீங்கும். ஒன்றாம் வாய்பாட்டை விட்டு, 3 × 4, 4 × 3 இரண்டையும் ஒன்றாக எடுத்தால் அடி 6க்கு 10 பெருக்கங்கள், அடி 8க்கு 21, அடி 10க்கு 36, அடி 12க்கு 55, அடி 20க்கு 171. அடி 60க்கு 1711. அதைத் தலையில் வைத்திருக்க முடியாது. பாபிலோனியர் அறுபதுக்குள்ளே பத்தை உள்ளடியாக வைத்தார்கள், வாய்பாட்டையும் களிமண் பலகையில் எழுதிப் பாவித்தார்கள். எழுத்தில்லாத உங்கள் மக்களுக்கு 12 தாங்கும், 20 சுமை.

மறுபக்கம், அடி சிறிதானால் எண் நீளும். 1000 என்பதை அடி 8இல் எழுதினால் (வலமிருந்து ஒன்று, எட்டு, அறுபத்துநாலு என்று இடம் எட்டு மடங்காக ஏறும்) 1750, அடி 6இல் 4344. நாலு இலக்கத்தோடு முடிகிறதே என்று நினைக்க வேண்டாம். 2025 அடி 6இல் 13213, ஐந்து இலக்கம். வாயால் சொல்லும்போது ஒவ்வொரு இலக்கமும் ஒரு சொல், கூடவே நம் பத்து, நூறு போல ஒரு படிப்பெயர்.

பின்னம்தான் உங்களுடைய முடிவை எடுக்க வேண்டிய இடம். பின்னத்தின் கீழெண் அடியின் பகாக் காரணிகளால் மட்டும் (12க்கு 2, 3; 8க்கு 2) ஆனதென்றால்தான் அது நின்று முடியும். அடி 12இல் புள்ளிக்குப் பின் அரை 6, மூன்றில் ஒன்று 4, கால் 3, ஆறில் ஒன்று 2. எட்டில் ஒன்று 16, ஒன்பதில் ஒன்று 14, இரண்டு இலக்கத்தில் முடிந்துவிடும். ஐந்தில் ஒன்றோ 2497 2497 என்று ஓடும். அடி 8இல் மூன்றில் ஒன்றே 25 25 25 என்று ஓடிக்கொண்டே போகும். உங்கள் பங்கு முறை பாதியும் அதில் மூன்றிலொன்றும். எட்டை எடுத்தால் ஒவ்வொரு மீன்பாட்டிலும் சண்டை வரும். அதைக் கதைக்கு வேண்டுமென்றே வைத்தாலன்றி எட்டை விடுங்கள்.

பாருங்கள்: மூன்று ஓலம் மீன், அதாவது 432. பாதி, ஒரு ஓலமும் ஆறு பன்னிரண்டும். அதில் மூன்றிலொன்று சரியாக ஆறு பன்னிரண்டு. நூறு நூறாக எண்ணுபவர் 400 மீனைப் பிரித்தால் பங்கு 66, கையில் 2 மிச்சம். முதலாவதில் வள்ளத்தில் போனவர் கணக்கைக் கேட்டவுடனே சரி பார்ப்பார்.

நம் பழைய பின்னங்களும் இதே பாடம். மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. மாவும் காணியும் சேர்ந்தால் 5/80, அதுதான் மாகாணி, 1/16, வீசம் என்றும் சொல்வது. 320 என்பது ஆறு இரண்டும் ஒரு ஐந்தும் பெருக்கியது. அதில் மூன்று இல்லை. ஆகவே கால், அரைக்கால், வீசம் என்று எவ்வளவு நுணுக்கமாகப் போனாலும் மூன்றிலொன்றுக்கு அந்த வரிசையில் சொல் கிடையாது. உங்கள் மொழியில் மூன்றிலொன்றுக்குத் தனிப்பெயர் வைத்து, ஐந்திலொன்றைப் பெயரில்லாமல் விடுங்கள். தமிழ் வாசகருக்கு அந்த வேறுபாடு உடனே தட்டும்.

எந்த அடியை எடுத்தாலும் ஒரு கூட்டலைச் செய்து பாருங்கள். சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் 99. 2022 ஒப்பந்தத்தில் அவை 14, 24, 61 என்று பிரிந்தன. அடி 12இல் 12 + 20 + 51 = 83. எங்கும் மிகுதி அடுத்த இடத்துக்கு ஏறவில்லை. அடி 8இல் 16 + 30 + 75 = 143, இரண்டு தடவை ஏறும். அடி 6இல் 22 + 40 + 141 = 243, ஒரு தடவை. காகிதத்தில் இது சின்ன விஷயம், ஆனால் இந்தக் கூட்டலை உங்கள் மொழிச் சொற்களால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கே நாக்கு தடக்குகிறதோ அங்கே சொல்லைத் திருத்த வேண்டும்.

கொட்டியாரக்கரை

12 தான், இரண்டு கையாலும் கணு தொடுகிற முறை. 3, 6, 9க்கு விரல்பெயர் என்றால் 4ஐயும் 5ஐயும் ‘மூன்றும் ஒன்றும்’, ‘மூன்றும் இரண்டும்’ என்று மாற்றவா? அப்படியானால் வேர்கள் தே, லூ, மிர், வன், ஒன்பதுக்கு ஒன்று, ஆரு என்று ஆறே ஆறு.

சொல்லடுக்கு

மாற்ற வேண்டாம். சின்ன எண்கள்தான் ஒரு நாளில் அதிகம் வாயில் வருபவை, அவை குட்டையாக இருக்கட்டும். கோ, சப் இரண்டும் நிற்கட்டும். 7க்கு மேல் கூட்டுங்கள். எல்லாம் ஒரே ஒழுங்கில் இருந்தால் அட்டவணை போலத் தெரியும், மொழி போலத் தெரியாது. நியூகினியின் ந்தொம் மொழி அடி 6 என்று சொல்லப்படுவது. ஆனால் அதில் 6க்கு மெர், 36க்கு நிஃப் என்பவற்றோடு நடுவில் 18க்கும் தொண்டோர் என்று தனிச்சொல் நிற்கிறது. டேனிய மொழியில் 50 என்பது ‘இரண்டரை இருபது’ என்பதன் தேய்வு. அழகே அங்கேதான்.

முதலில் ஒரு பிழையைத் திருத்துங்கள். 14 லூவாரு, 24 லூ ஆரு. எழுத்தில் இடைவெளி இருக்கிறது, வாயில் இல்லை. இரண்டு உயிருக்கு நடுவே வகரம் தானாக ஏறும், இரண்டும் ஒன்றாகிவிடும். சந்தையில் 14 மீன் விற்பவர் 24க்குக் காசு கேட்பார். தமிழ் இதை இடத்தால் தீர்க்கிறது: சின்ன எண் முன்னே வந்தால் பெருக்கும், பின்னே வந்தால் கூட்டும். இருபது, பன்னிரண்டு. அதையே எடுங்கள். 24 லுவாரு, 14 ஆருலூ.

இரண்டாவது, ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு வடிவம் வேண்டும். தமிழில் இரண்டு தனியே நின்றால் இரண்டு, ஒட்டினால் இரு அல்லது ஈர். மூன்றுக்கு மூ, மு. எட்டுக்கு எண். உங்களுடையதில் ஒட்டும்போது சொல்லின் கடைசியில் நிற்கும் நெடில் குறுகட்டும், தனிக்குறிலுக்குப் பின்வரும் ஒற்று இரட்டிக்கட்டும். ரகரம் மட்டும் இரட்டிக்காது:

24 லுவாரு, 36 மிராரு, 48 கொவாரு, 60 சப்பாரு, 72 வன்னாரு. 9க்கு ஈல் என்று வைத்தால் 108 ஈலாரு.

7 வன்தே, 8 வன்லூ, 10 ஈல்தே, 11 ஈல்லூ. ஒரு பன்னிரண்டுக்குத் தே சேர்க்காதீர்கள், வெறும் ஆரு போதும். நாமும் பத்து, நூறு, ஆயிரம் என்று வெறுமனே சொல்லி, இலட்சத்துக்கு வரும்போதுதான் ‘ஒரு இலட்சம்’ என்கிறோம். அந்த எல்லை உங்கள் மொழியில் எங்கே என்று குறித்து வையுங்கள், ஓலத்தில் தொடங்கலாம்.

மேலே சொன்ன எண்ணெய்க் குதக் கூட்டல் இப்போது: ஆருலூ, லுவாரு, சப்பாரு தே, மொத்தம் வன்லுவாரு மிர். ஐந்தசைக்குள் 99 அடங்கிவிட்டது.

மூன்றாவது, ஒரே ஒரு இடத்தில் ஒழுங்கை உடையுங்கள். அதிகம் உடைத்தால் வாசகர் தொலைந்துபோவார். உடைக்க நல்ல இடம் மேல்படிக்கு ஒன்று குறைவான எண். தமிழில் 80 எண்பது, 90 ‘ஒன்பஃது’ இல்லை, தொண்ணூறு: நூறு உள்ளே வந்துவிட்டது. 900இல் ஆயிரம் வந்துவிட்டது. 9000 திரும்ப ஒழுங்குக்கு வந்து ஒன்பதாயிரம். தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் இதற்குத் தனி விதி எழுத வேண்டியிருந்தது. அதற்கும் பழைய ‘தொண்டு’ என்ற சொல் ஒன்பது என்ற பொருளில் பழந்தமிழில் நிற்கிறது. இதேபோல உங்கள் 132 ஈல்லுவாரு என்று வராமல், ஓலம் உள்ளே வரும் சொல்லாக இருக்கட்டும். ‘தேயோலம்’ என்று வையுங்கள்: ஒரு பன்னிரண்டு குறைந்த ஓலம். ஒரு ஓலம் என்று சொல்லும்போது இதோடு மோதும், ஆகவே ஓலத்துக்கும் தே சேர்க்காமல் விட்டு, ‘ஒரு’ தொடங்கும் எல்லையை அதற்கு மேலே, 1728இல் வையுங்கள். முன்பு சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்.

எண் என்ற சொல் எட்டையும் குறிப்பதால் தமிழரும் ஒரு காலம் எட்டில் எண்ணினார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது போதாது. இருபது முதல் எண்பது வரை எல்லாம் பத்தைப் பெருக்கியவை. அடி மாறிய மொழி இவ்வளவு துப்புரவாக மாறாது, எங்காவது ஒரு பதினாறோ அறுபத்துநாலோ தனிச்சொல்லாக மிஞ்சியிருக்கும். உங்கள் மொழிக்குப் பழைய அடி ஒன்று இருந்ததாகக் காட்ட விரும்பினால் அப்படி ஒரு மிச்சத்தை விட்டுவையுங்கள்.

கடைசியாக, தேய்வு. இரண்டு ரெண்டாகி, மூன்று மூண்டாகி, ஐந்து அஞ்சாகி நிற்கிறது. வன்தே என்று எத்தனை தலைமுறை சொல்வார்கள்? வந்தெ, பிறகு வந். அப்போது 6இன் வன்னோடு மோதும். 6, 7 இரண்டும் காற்றில் கேட்டால் வேறாகத் தெரிய வேண்டும். இருநூறும் அறுநூறும் நமக்குத் தொலைபேசியில் படுத்துகிற பாடு தெரியும்தானே. ஒன்றில் 7க்குத் தனி வேர் கொடுங்கள், இல்லாவிட்டால் தேயின் தகரத்தைத் தேயவிடாதீர்கள். தனி வேர் கொடுப்பது நல்லது: கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கும் நாட்டில் ஏழு தனியாக நிற்பதற்கு இடமிருக்கிறது.

மூதூர்ப்பக்கம்

நானாமார் எல்லாம் சொல்லையும் கணக்கையும் சொல்லிவிட்டார்கள், நான் அளவைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பெரும்பாலான கற்பனை மொழிகள் பிழைப்பது இங்கேதான்: எண்ணடி 12 என்று சொல்லிவிட்டு, அரசன் நூறு யானையோடு வருவான், கிழவிக்கு எண்பது வயது, பயணம் பத்து நாள். கையெழுத்துப் படியில் பத்து, இருபது, ஐம்பது, நூறு, ஆயிரம் ஐந்தையும் தேடிப் பார்த்து, ஒவ்வொன்றையும் 12, 24, 60, 144, 1728க்குப் பக்கமாக நகர்த்துங்கள். ‘நூற்றாண்டு’ என்ற சொல்லையும் தேடுங்கள், கட்டாயம் எங்காவது ஒளிந்திருக்கும்.

தோராயம் சொல்வதும் மாறும். நாம் ‘நாலைந்து’, ‘ஏழெட்டு’, ‘பத்துப் பன்னிரண்டு’ என்கிறோம். இவர்கள் ‘ஐந்தாறு’, ‘பதினொன்று பன்னிரண்டு’ என்று படி ஓரத்தில் சொல்வார்கள். மொய் 501, 1001 என்று முழு எண்ணுக்கு ஒன்று கூட்டி வைப்பது போல, இவர்கள் கொடை 145.

ஆனால் எல்லா அளவையும் 12 ஆக்கிவிடாதீர்கள். அதுவும் பொய்யாகத் தெரியும். நாம் பத்தில் எண்ணிக்கொண்டு காணி உறுதியில் 1 ஏக்கர் 4 றூட், 1 றூட் 40 பேர்ச் என்று எழுதுகிறோம். ரூபாய் இங்கே 1872இல் 100 சதமானது. இந்தியாவில் 1957 வரை 16 அணா, அணாவுக்கு 12 பை. நாழிகை நாளுக்கு 60. முட்டையை டசினில் வாங்குகிறோம். ஒரு பழைய அளவை, ஒரு வெளியார் அளவை, இரண்டு மட்டும் அடியோடு ஒத்துப்போகாமல் இருக்கட்டும். இது துறைமுக நாடு. உப்பு மூட்டையை வெளியார் பத்தில் எண்ண, உள்ளூரார் பன்னிரண்டில் எண்ண, 60இல்தான் இருவரும் சந்திப்பார்கள். 60 மூட்டைக் கட்டுக்கு அந்த வியாபாரத்தில் ஒரு பெயர் இருக்கும்.

கொட்டியாரக்கரை

அண்ணைமார், மிகவும் உதவி. கடைசி ஒன்று. வாசகருக்குச் சப்பாரு என்று எழுதுவதா, அறுபது என்று எழுதுவதா?

சொல்லடுக்கு

உரையாடலில் இரண்டு சொல்லை மட்டும் அவர்களுடையதாக விடுங்கள்: ஆரு, ஓலம். மற்ற எண்களைத் தமிழில் எழுதுங்கள். ‘மூன்று ஓலம் மீன்’, ‘ஐந்து ஆரு மூட்டை’. வாசகர் இரண்டாம் பக்கத்திலேயே பிடித்துவிடுவார், ஏனென்றால் மணிக்கூடும் இராசிச் சக்கரமும் அவருக்குப் பன்னிரண்டை ஏற்கெனவே பழக்கியிருக்கின்றன. அறிமுகத்துக்குப் பங்கு பிரிக்கும் காட்சியே போதும்: ஓலம் கூடையில், ஆரு கையில், கணு தொடும் பெருவிரல். இலக்கத்தில் எழுதவே வேண்டாம். 83 என்று எழுதினால் எண்பத்து மூன்று என்றே வாசிப்பார், 10, 11க்கு இலக்கம் இல்லாத தொல்லையும் சேரும்.

பின்னிணைப்பில் எழுத்து வடிவம் காட்ட வேண்டுமென்றால் பழைய தமிழ் முறை பொருந்தும். ௨௲௩௱௪௰௫ என்பது 2345: இலக்கம், படிக்குறி, இலக்கம், படிக்குறி. சுழியம் தேவையில்லை. ஆருவுக்கும் ஓலத்துக்கும் 1728க்கும் தலா ஒரு குறி, 1 முதல் 11 வரை பதினொரு இலக்கம், மொத்தம் பதினான்கு குறி. 10க்கும் 11க்கும் ஒன்பதின் குறியோடு ஒரு கோடு, இரண்டு கோடு சேருங்கள், ஈல்தே, ஈல்லூ என்ற சொல்லோடு அது ஒத்துப்போகும்.

வாய்பாடு

ஒரு திருத்தம்: 1728க்குச் சொல் வைக்கும்போது ஓலத்தோடு ஒலியில் நெருங்காததாகப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு மடங்கு. பிழையாகக் கேட்டால் ஒரு பருவத்து உப்பே கணக்கில் காணாமல் போகும்.